நூபியாவின் பழங்காலத்தைப் படிப்பது எப்படி?

சூடானின் வடபகுதியில், நைல் நதியின் மூன்றாவது பாறைத்தடைக்குச் சற்றுத் தெற்கே கெர்மா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே சுடாத செங்கல்லால் எழுப்பிய பெருங்கட்டடம் ஒன்று மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் காற்றையும் தாங்கி, இன்றும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஊர்மக்கள் அதை டெஃபுஃபா என்கிறார்கள். 1913ஆம் ஆண்டு அங்கே அகழத் தொடங்கிய அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரெய்ஸ்னர், பக்கத்துக் கல்லறைக்காட்டின் பெரிய ஈமக்குன்று ஒன்றில் ஹெப்ஜெஃபா என்னும் எகிப்திய ஆளுநர், அவர் மனைவி சென்னுவி ஆகியோரின் சிலைகளைக் கண்டெடுத்தார். அதைக் கொண்டே, கெர்மா ஓர் எகிப்தியப் புறக்காவல் நிலையம், அங்கே புதைக்கப்பட்டவர்கள் எகிப்திய அதிகாரிகள் என்று முடிவு கட்டினார். 1970களிலிருந்து அதே மண்ணைத் தோண்டிய சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல் போனேயின் குழுவோ, அந்தக் கட்டடம் நூபியர்களின் கோயில் என்பதையும், அதைச் சுற்றி மதிலும் வீடுகளும் பட்டறைகளும் கொண்ட ஒரு தலைநகரமே இருந்தது என்பதையும் படிப்படியாக வெளிக்கொணர்ந்தது. எகிப்தியச் சிலைகள் அவற்றின் சொந்தக்காரர்கள் இறந்து நெடுங்காலம் கழித்து வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

நூபியாவைப் படிக்கப் புகுபவர் முதலில் இந்தக் கதையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ரெய்ஸ்னர் அரைகுறை ஆய்வாளர் அல்லர்; அவர் காலத்தில் அவரைவிடக் கவனமாகக் குறிப்பெடுத்தவர்கள் மிகச் சிலரே. கறுப்பின மக்கள் தாமே ஒரு பேரரசை நிறுவியிருக்க முடியாது என்ற அந்தக் காலத்து எண்ணம் அவர் கண்ணை மறைத்தது. இருந்தாலும் ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த நிலையில் கிடந்தது என்று அவர் எழுதி வைத்ததால்தான், பின்வந்தவர்களால் அவரது முடிவையே திருத்த முடிந்தது. அதனால் நூபியா பற்றி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: இதைச் சொன்னவர் யார்? எங்கிருந்துகொண்டு சொன்னார்? மண்ணில் கிடைத்தது எது, அவர் அதன்மேல் ஏற்றிச் சொன்னது எது? கீழே வரும் வழிமுறைகள் எல்லாம் இந்தக் கேள்விகளைப் பழக்கப்படுத்திக்கொள்வதற்கானவையே.

ஆற்றை வரைந்து தொடங்குங்கள்

மன்னர் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் நைல் நதியை வரையுங்கள். தெற்கே கார்ட்டூமில் நீல நைலும் வெள்ளை நைலும் கூடுகின்றன. வடக்கே எகிப்தின் அஸ்வான் நகரம். இவற்றுக்கு இடைப்பட்ட ஆற்றங்கரைதான் நூபியா. இந்த நெடுவழியில் ஆறு இடங்களில் கடும்பாறைகள் ஆற்றுக்குள் எழுந்து படகோட்டத்தைத் தடுக்கின்றன. நூல்களில் இவை அருவிகள் என்று குறிக்கப்பட்டாலும், தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடங்கள் அல்ல என்பதால் பாறைத்தடை என்றே இங்கு எழுதுகிறேன். எண்கள் வடக்கிலிருந்து தெற்கே போகும்: முதலாவது அஸ்வானில், இரண்டாவது வாடி ஹல்ஃபா அருகே, மூன்றாவது கெர்மாவுக்கு வடக்கே, நான்காவது ஜெபல் பர்கல் மலையைத் தாண்டி ஆற்றை எதிர்த்துப் போகும் பக்கம், ஐந்தாவது அட்பரா ஆறு கலக்கும் பகுதியில், ஆறாவது கார்ட்டூமுக்கு வடக்கே சபலோகா மலையிடுக்கில்.

பிறகு ஊர்களைக் குறியுங்கள். முதல் இரண்டு தடைகளுக்கு நடுவே குஸ்துல், பல்லானா, ஃபராஸ், கஸ்ர் இப்ரிம். மூன்றாவதை ஒட்டிக் கெர்மா. நான்காவதற்குக் கீழே, ஆறு ஓடும் திசையில், நபதா, எல்-குர்ரு, நூரி. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே மெரோவே. வடபகுதியைக் கீழ் நூபியா என்றும் தென்பகுதியை மேல் நூபியா என்றும் சொல்வார்கள். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் மேல் என்றால் தெற்கு. இதைத் தலைகீழாக எண்ணிக் குழம்புபவர்கள் பலர். இந்தப் படம் வரைந்தபின் எகிப்தியப் படைகள் ஏன் இரண்டாவது தடையில் வந்து நின்றன, தலைநகரங்கள் ஏன் தெற்கே தெற்கே நகர்ந்தன என்பவை யாரும் விளக்காமலே பாதி புரிந்துவிடும்.

பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

இந்த நாட்டுக்கு நாம் வழங்கும் பெயர்களில் பல வெளியார் இட்டவை. பழைய எகிப்தியர் தா-செதி, அதாவது வில்லின் நாடு என்றார்கள். நூபிய வில்லாளர்களின் புகழ் அப்படி. வாவாத், யாம், குஷ் என்பவை தனித்தனிப் பகுதிகளாகத் தொடங்கி, காலப்போக்கில் குஷ் என்பது பேரரசின் பெயராக நிலைத்தது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் இதே நாட்டை எத்தியோப்பியா என்று எழுதினார்கள். இன்றைய எத்தியோப்பிய நாட்டோடு இதை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது தொடங்குவோர் எல்லோருக்கும் நேர்வது. விவிலியத்தின் அப்போஸ்தலர் பணியில் வரும், கந்தகே அரசியின் கருவூலத்தைக் காத்த எத்தியோப்பிய அதிகாரி மெரோவேயைச் சேர்ந்தவர்.

இன்னொரு வகைப் பெயர்கள் வெறும் எழுத்துகள். முதல் அஸ்வான் அணையை உயர்த்தும் முன்பு 1907இல் நூபியாவின் முதல் தொல்லியல் மதிப்பாய்வைத் தொடங்கிய ரெய்ஸ்னர், பெயர் தெரியாத பண்பாடுகளுக்கு ஏ-பிரிவு, பி-பிரிவு, சி-பிரிவு, எக்ஸ்-பிரிவு என்று அடையாளமிட்டார். அவற்றில் பி-பிரிவு என்ற ஒன்று தனியாக இருக்கவில்லை என்று பின்னர் தெளிவானது; சிதைந்த, வறிய கல்லறைகளை அவர் தனிப் பண்பாடாக எண்ணிவிட்டார். ஏ-வுக்குப் பின் நேரே சி வருவதைக் கண்டு ஏதோ பக்கம் விடுபட்டதென்று திகைக்க வேண்டாம்.

காலவரிசையை நூபியாவின் கணக்கில் எழுதுங்கள்

நான் முதன்முதலில் படித்தபோது எகிப்திய வரலாற்று அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, எகிப்தை நூபிய மன்னர்கள் ஆண்ட இருபத்தைந்தாம் அரசமரபு என்ற வரியில்தான் நூபியா தொடங்குகிறது என்று நம்பியிருந்தேன். அந்த வரி நூபிய அரசுகளின் நெடிய கதையில் நடுப்பக்கம் ஒன்றே என்று தெரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின. அதனால் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் நூபியாவையும் வலப்பக்கம் எகிப்தையும் எழுதுங்கள்.

இடப்பக்கத்தில் முதலில் வருவது கி.மு. 3800 முதல் 2900 வரையிலான ஏ-பிரிவு மக்கள். அவர்களது குஸ்துல் கல்லறைக்காட்டில் 1964இல் கிடைத்த கல் தூபக்கலம் ஒன்றில் படகுகளும், முடியணிந்து அமர்ந்த ஓர் ஆட்சியாளரும் செதுக்கப்பட்டுள்ளனர். 1980 வாக்கில் புரூஸ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை வைத்து, பாரோ அரசமுறையே நூபியாவில்தான் பிறந்தது என்று வாதிட்டார். பின்னர் எகிப்தின் அபிடோஸில் அதற்கு ஈடான பழமை கொண்ட அரச கல்லறைகள் வெளிப்பட்டதால் அந்த வாதம் வலுவிழந்தது. நூபியாவைத் தாழ்த்திய கூற்றுகளை உரசிப் பார்ப்பதைப் போலவே உயர்த்திய கூற்றுகளையும் உரசிப் பாருங்கள். நமக்குப் பிடித்த முடிவு என்பதால் சான்று வலுத்துவிடாது.

அடுத்துக் கெர்மா: ஏறக்குறைய கி.மு. 2500 முதல் 1500 வரை ஓராயிரம் ஆண்டுகள். இந்தக் காலத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். கெர்மாவின் மன்னர்கள் வட்டமான மண்மேடுகளுக்கு அடியில் புதைக்கப்பட்டார்கள். கடைசிக் காலத்து மேடுகளில் பெரியவை ஏறத்தாழ 90 மீட்டர் குறுக்களவு கொண்டவை. மன்னரோடு உயிர்ப்பலியாகப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் அவற்றின் இடைகழிகளில் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு முந்திய ஒரு கல்லறையின் தெற்கு விளிம்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டுத் தலையோடுகள் பிறை வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. ஓர் இறுதிச் சடங்குக்கு இத்தனை மாடுகள் வந்தன என்றால், எத்தனை ஊர்கள் அந்த மன்னருக்குக் கட்டுப்பட்டிருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எழுத்தில்லாத ஒரு நாட்டின் ஆட்சிப்பரப்பை அளக்க அந்தக் கொம்புகளே நமக்குக் கிடைத்த ஆவணம்.

கி.மு. 1500ஐ ஒட்டி எகிப்திய மன்னர் முதலாம் துத்மோஸும் அவர் வழிவந்தவர்களும் கெர்மாவை வீழ்த்தினர். குஷ்ஷின் அரசமகன் என்ற பட்டம் பூண்ட எகிப்திய அதிகாரிகள் நாட்டை ஆண்டனர். சோலெப், அபு சிம்பெல் கோயில்கள் அந்தக் காலத்தவை. எகிப்தின் பிடி தளர்ந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின் எல்-குர்ருவில் புதைக்கப்பட்ட ஒரு குடும்பம் எழுந்தது. கஷ்தா, அவர் மகன் பியே, பின்னர் ஷெபித்கு, ஷபகா, தகர்கா, தன்வெதமனி என்று அந்த மரபு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எகிப்தையும் சேர்த்து ஆண்டது. தகர்கா அரியணை ஏறிய கி.மு. 690 உறுதியான ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டுகளைத் தோராயமாகவே கொள்ளுங்கள். பழைய நூல்களில் ஷபகாவுக்குப் பின் ஷெபித்கு என்றிருக்கும். அண்மைய ஆய்வாளர்கள் பலர் வரிசையை மாற்றிவிட்டதால், கையிலுள்ள நூல் எந்த ஆண்டு வெளிவந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அசீரியர் கி.மு. 671இல் மெம்பிஸையும் 663இல் தீப்ஸையும் கைப்பற்றியபின் குஷ் தெற்கே பின்வாங்கியது, ஆனால் அழியவில்லை. நபதாவிலும், கி.மு. 300ஐ ஒட்டி அரச கல்லறைகள் இடம்மாறிய மெரோவேயிலும், கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை அது நீடித்தது. எகிப்தில் பாரசீகரும் மாசிடோனியரும் ரோமானியரும் மாறி மாறி ஆண்ட காலமெல்லாம் இடப்பக்கத்தில் குஷ் என்ற ஒரே சொல் தொடர்ந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் இந்த இரு பத்திக் கணக்கின் பயன் தெரியும்.

ஒரு பானையைக் கையில் எடுப்பதுபோல் பாருங்கள்

கல்வெட்டு இல்லாத காலங்களுக்கு மட்கலமே நாட்காட்டி. கெர்மாக் குவளை ஒன்றின் தெளிவான நிழற்படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நல்ல மாதிரிகள் உள்ளன. வாய் அகன்று மணிப்பூப்போல் விரியும். அடி உருண்டிருக்கும், தரையில் தானாக நிற்காது. உடலின் கீழ்ப்பகுதி காவி பூசித் தேய்த்த மெருகேறிய சிவப்பு. வாய்ப்பகுதி பளபளக்கும் கறுப்பு. இரண்டுக்கும் இடையே சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஒழுங்கற்ற ஒரு பட்டை ஓடும். கறுப்புக்குக் காரணம் மை அன்று. குவளையைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி வைக்கோல், சாணம், சாம்பல் போன்றவற்றில் புதையும்படி வைத்துச் சுட்டால், காற்றுப் படாத அந்தப் பகுதி கரிந்து கறுக்கும். காற்றுப் பட்ட பகுதி சிவக்கும். சுவரின் கனத்தைப் பாருங்கள்: சில மில்லிமீட்டர்தான். சக்கரம் இல்லாமல் கையால் வனைந்தவை இவை என்பதை அறிந்தபின் அந்தக் கனத்தை மறுபடி ஒருமுறை பார்க்கத் தோன்றும்.

இதை மற்ற கலங்களோடு ஒப்பிடுங்கள். சி-பிரிவு மக்களின் கிண்ணங்களில் கீறிய கோலங்களுக்குள் வெள்ளைப் பொடி நிரப்பப்பட்டிருக்கும். மெரோவேயின் நுண்கலங்களோ சக்கரத்தில் வனைந்து, முட்டையோட்டைப்போல் மெலிந்து, வெளிறிய மேனியில் தவளை, தாமரை, திராட்சைக் கொடி தீட்டப்பெற்றவை. இந்த மூன்றையும் பிரித்தறியக் கண் பழகிவிட்டால், அகழாய்வு அறிக்கையின் பானைப் படத்தட்டுகள் பேசத் தொடங்கும். ஓர் எச்சரிக்கையும் தேவை. கவிழ்த்துச் சுடும் முறை உலகின் பல இடங்களில் தனித்தனியே தோன்றக் கூடியது; நிற ஒற்றுமையை மட்டும் வைத்துத் தொலைதூர மக்களுக்கு உறவு கட்டக் கூடாது.

பகைவர் எழுதியதைப் பகைவர் எழுத்தாகவே படியுங்கள்

மூன்றாம் செனுஸ்ரெத் என்ற எகிப்திய மன்னர் தமது 16ஆம் ஆட்சியாண்டில், இரண்டாவது பாறைத்தடைக்குத் தெற்கே செம்னாவில் ஓர் எல்லைக்கல் நட்டார். நூபியர்கள் கோழைகள், மதிக்கத் தகாதவர்கள் என்று அது இகழ்கிறது. அவர்களது பெண்களைக் கவர்ந்தேன், கிணறுகளுக்குச் சென்றேன், எருதுகளைக் கொன்றேன், பயிரை அறுத்துத் தீயிட்டேன் என்று மன்னர் பெருமை பேசுகிறார். எகிப்திய எழுத்தர்கள் குஷ் என்ற பெயருக்கு முன் இழிந்த என்ற அடைமொழியைச் சேர்த்தே எழுதப் பழகியிருந்தார்கள். வசையைத் தள்ளிவிட்டு எஞ்சியதைச் சேர்த்துப் பாருங்கள்: கிணறு வெட்டி, மாடு வளர்த்து, தானியம் விளைத்த குடியானவர்களின் நாடு தெரிகிறது. அப்புறம் கோட்டைகளைப் பாருங்கள். இதே எல்லையில் புஹேன், மிர்கிஸ்ஸா, ஷல்ஃபக், உரொனார்தி, செம்னா என்று வரிசையாகக் கோட்டைகள். புஹேனின் மதில் ஏறக்குறைய 5 மீட்டர் பருமன், வெளியே அகழி. எல்லைக் காவலர்கள் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய பாப்பிரஸ் அறிக்கைகளில் ஒன்று, பாலைவனத்தில் 32 ஆட்களும் 3 கழுதைகளும் சென்ற தடத்தைக் கண்டதாகத் தெரிவிக்கிறது. மூன்று கழுதைகளின் குளம்படியைக்கூட எண்ணி அறிவிக்கும் அரசு, கோழைகளுக்கு அஞ்சி இந்த மதில்களைக் கட்டியிருக்குமா? எகிப்தின் எல்-காப் ஊரில் சொபெக்நக்த் என்பவரின் கல்லறையில் 2003இல் வெளிச்சத்துக்கு வந்த கல்வெட்டு இதற்கு விடை தருகிறது: குஷ்ஷின் படை கூட்டணி சேர்ந்து எகிப்துக்குள்ளேயே புகுந்ததை அது ஒப்புக்கொள்கிறது.

பகைவர் கூற்றை இவ்வாறு பழகியபின் குஷ் மன்னர்களே எழுதியவற்றுக்கு வாருங்கள். எல்லாவற்றிலும் முதலாகப் படிக்க வேண்டியது பியே மன்னரின் வெற்றிக்கல். ஜெபல் பர்கலில் 1862இல் கிடைத்த இந்தக் கல்வெட்டு எகிப்திய எழுத்தில் 159 வரிகள் கொண்டது; கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெர்மோபொலிஸ் நகரம் பணிந்தபின் பியே அரண்மனைக்குள் நுழைகிறார். தோற்ற மன்னன் நிம்லோத்தின் அந்தப்புரத்துப் பெண்கள் வந்து வணங்க, அவர் முகம் திருப்பிக்கொள்கிறார். பிறகு குதிரை லாயத்துக்குச் செல்கிறார். முற்றுகையின்போது தீனியின்றி வாடிய குதிரைகளைக் கண்டதும் கொதித்து, நீ செய்த குற்றங்கள் எல்லாவற்றையும்விட என் குதிரைகளைப் பட்டினி போட்டதே என் நெஞ்சைச் சுடுகிறது என்ற பொருளில் பேசுகிறார். இது அரசவைப் புலவரின் அலங்காரம் என்று ஒருவர் எண்ணலாம். அப்போது எல்-குர்ருவுக்குப் போங்கள்: பியேவும் அவர் வழிவந்தவர்களும் புதைக்கப்பட்ட அந்தக் கல்லறைக்காட்டில் 24 குதிரைகள், அணிகலன்கள் பூட்டி, நின்ற நிலையில் தனித்தனிக் குழிகளில் அடக்கம் செய்யப்பட்டிருந்தன. எழுத்தும் மண்ணும் இப்படி ஒன்றையொன்று தாங்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவை அரியவை.

மண் மட்டும் பேசும் இடமும் உண்டு. 2003இல் கெர்மாவுக்கு அருகே டுக்கி கெல் என்னுமிடத்தில் போனேயின் குழு ஒரு குழியைத் திறந்தபோது, தகர்கா முதல் அஸ்பெல்தா வரையிலான ஐந்து மன்னர்களின் ஏழு சிலைகள் துண்டு துண்டாக உடைந்து, ஒன்றாகச் சேர்த்துப் பதுக்கப்பட்டிருந்தன. கி.மு. 593ஐ ஒட்டி எகிப்தின் இரண்டாம் சாம்திக் குஷ்மீது படையெடுத்தார். அந்தப் படையின் கிரேக்கக் கூலிவீரர்கள் வழியில் அபு சிம்பெல் சிலையின் காலில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். சிலைகளை உடைத்தது அந்தப் படையெடுப்பு என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். உடைந்ததைத் தூக்கி எறியாமல், துண்டுகளைப் பொறுக்கி மரியாதையோடு புதைத்தவர்கள் உள்ளூர் மக்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மெரோவே எழுத்தைப் படித்துப் பாருங்கள்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து குஷ் மக்கள் தங்கள் மொழிக்கென்றே எழுத்து வகுத்துக்கொண்டார்கள். மொத்தம் 23 குறிகள். சித்திர வடிவம் ஒன்று, வலமிருந்து இடமாக ஓடும் கையெழுத்து வடிவம் ஒன்று. இதன் ஒலிகளைப் பிரிட்டிஷ் அறிஞர் கிரிஃபித் 1911 வாக்கில் கண்டறிந்தார். மன்னர் நதகமனி, அரசி அமனிதோரே ஆகியோரின் பெயர்கள் எகிப்திய எழுத்திலும் மெரோவே எழுத்திலும் ஒருங்கே பொறிக்கப்பட்ட ஒரு பீடம் அவருக்குச் சாவியாக அமைந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த எழுத்துமுறை விரைவில் பிடிபடும். மெய்க்குறி தனியே நின்றால் அகரம் ஏறிய மெய்யாகவே ஒலிக்க வேண்டும். வேறு உயிர் வேண்டும்போது மட்டும் அதற்குரிய குறி பின்னால் வரும். அரசியைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கல்லில் இருப்பவை நான்கு குறிகள்: க, ட, க, எ. முதல் இரண்டும் அகரத்தோடு ஒலிக்கும், மூன்றாவதன் அகரத்தை எகரக் குறி மாற்றும், ஆக, கடகெ. மெய்யொன்றுக்கு முன்வரும் மூக்கொலியை இந்த எழுத்தர்கள் எழுதுவதில்லை. அதைச் சேர்த்தால் கண்டகெ. கிரேக்க நூல்களில் கந்தகே என்று வரும் அரசியின் பட்டம் இதுதான்.

ஒலி தெரிந்தாலும் மொழி இன்னும் முழுதாகப் புரியவில்லை. கல்லறைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் வேண்டுதல் வாய்பாடுகளிலிருந்து அதோ என்றால் நீர், அத் என்றால் அப்பம், கொரெ என்றால் ஆட்சியாளர் என்பன போன்ற சொற்கள் உறுதியாகியுள்ளன. இறந்தவருக்கு நிறைந்த நீரும் நிறைந்த அப்பமும் தருமாறு ஐசிஸையும் ஒசைரிஸையும் அவை வேண்டுகின்றன. இவ்விடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சபலம் வரும்: கொரெ என்பதில் கோவைக் காண்பது, அதோவில் ஆற்றைக் காண்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த இரு மொழிகளிலும் தற்செயலாக ஒலி ஒத்த சொற்கள் சில கிடைத்தே தீரும். பிரெஞ்சு மொழியியலாளர் குளோத் ரில்லி சொற்பட்டியல்களை அடுக்கி, ஒலி மாற்றம் முறையாக நிகழ்வதைக் காட்டிய பிறகே, மெரோவே மொழி இன்றைய நூபிய மொழிகளோடும் எரித்ரியாவின் நாரா மொழியோடும் உறவுடையது என்று நிறுவினார். அந்த உழைப்பு இல்லாத உறவுக் கூற்று எதுவும் நம் தாளில் இடம்பெறத் தக்கதன்று.

கி.பி. 350இல் நிறுத்திவிடாதீர்கள்

பெரும்பாலான நூல்கள் மெரோவேயின் வீழ்ச்சியோடு கதையை முடித்துவிடுகின்றன. இது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது. அதன்பின் பல்லானாவில் புதைக்கப்பட்ட மன்னர்களின் வெள்ளி முடிகளை வால்டர் எமரி 1930களில் கண்டெடுத்தார். ஆறாம் நூற்றாண்டில் நொபாடியா, மகூரியா, அலோடியா என்ற மூன்று நூபிய அரசுகள் கிறித்தவம் தழுவின. கி.பி. 652இல் மகூரியாவின் தலைநகரான டோங்கோலாவை முற்றுகையிட்ட அரபுப் படை, கண்ணைக் குறிவைத்து எய்த நூபிய வில்லாளர்களால் தடுக்கப்பட்டு, பக்த் என்னும் உடன்படிக்கையோடு திரும்பியது. அந்த அமைதி நூற்றாண்டுகள் நீடித்தது. தா-செதி என்ற பழம்பெயர் நினைவுக்கு வருகிறது. ஃபராஸ் பேராலயத்தின் சுவரோவியங்களை 1961 முதல் 1964 வரை போலந்துக் குழு மணலிலிருந்து மீட்டது. அவை இன்று வார்சாவிலும் கார்ட்டூமிலும் பிரிந்துள்ளன. இந்த நூபியர்கள் கிரேக்க எழுத்தோடு காப்திய, மெரோவே எழுத்துகள் சிலவற்றையும் சேர்த்துத் தங்கள் மொழியை எழுதினார்கள். அதன் வழிவந்த நோபீன் மொழியை இன்றும் மக்கள் பேசுகிறார்கள்.

நீருக்கடியில் போனதைக் கணக்கில் கொள்ளுங்கள்

கீழ் நூபியா இப்போது இல்லை. 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த அஸ்வான் உயரணையின் நீர்த்தேக்கம் அதை மூடிவிட்டது. யுனெஸ்கோவின் முயற்சியால் அபு சிம்பெல் கோயில்கள் அறுத்தெடுக்கப்பட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. புஹேனின் கோட்டை நீரில் கரைந்தது. சூடானில் மட்டும் ஏறக்குறைய 50,000 நூபியர்கள் வாடி ஹல்ஃபா பகுதியை விட்டுக் கிழக்கே புதிய ஹல்ஃபாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். நான்காவது தடையில் 2009இல் முடிந்த மெரோவி அணையாலும் (பழைய மெரோவே நகரம் வேறு) இதுவே நேர்ந்தது. படிப்பவருக்கு இதில் ஒரு முறையியல் பாடம் இருக்கிறது. வெள்ளம் துரத்தத் துரத்த நடந்த மீட்பு அகழாய்வுகள் கல்லறைகளையும் கோயில்களையும் முதலில் தேடின. வீடுகளும் வயல்களும் பின்னுக்குப் போயின. ஆகவே நூபியர்கள் சாவையே நினைத்து வாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் எழுந்தால், அது தோண்டியவர்களின் அவசரத்தால் வந்த எண்ணம்.

கொள்ளையும் ஒரு காரணம். 1834இல் இத்தாலியரான ஃபெர்லினி புதையல் தேடி மெரோவே பிரமிடுகளை இடித்தார். அமனிஷகெதோ அரசியின் பொன்னணிகள் அப்படித்தான் பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் போய்ச் சேர்ந்தன. 2023 ஏப்ரலில் மூண்ட போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. நூபியப் பொருள் என்று இணையத்தில் விற்பனைக்கு வருவதை வாங்காதீர்கள். கிடைத்த இடம் தெரியாத பொருள் ஆய்வுக்கு உதவாது என்பதோடு, அது திருடப்பட்டதாகவும் இருக்கக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் தன் நூபிய அகழாய்வு அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

முதல் பயிற்சிக்கு ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறேன்: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள அகஸ்டஸ் சீசரின் வெண்கலத் தலை. ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் உயரம். கண்ணாடியும் கல்லும் பதித்த விழிகள் இன்றும் விழித்திருக்கின்றன. ஒரு தாளில் முதலில் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவின் கூற்றை எழுதுங்கள்: குஷ் படையினர் அஸ்வான் பகுதியைத் தாக்கி அகஸ்டஸின் சிலைகளைக் கொண்டுபோனார்கள், ரோமானிய ஆளுநர் பெட்ரோனியஸ் படையெடுத்து நபதாவை அழித்தார், ஒற்றைக் கண் பார்வையுடைய கந்தகே தூதனுப்ப, சாமோஸ் தீவில் உடன்படிக்கை ஆயிற்று. அதன்கீழ் மண்ணின் கூற்றை எழுதுங்கள்: 1910இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் இந்தத் தலையை மெரோவே நகரில், ஒரு கோயிலின் வாசற்படிக்கு அடியில், மணலுக்குள் கண்டெடுத்தார். வழிபட வந்த ஒவ்வொருவரும் ரோமப் பேரரசரின் தலைக்கு மேல் கால் வைத்தே உள்ளே போயிருக்கிறார்கள். இரண்டு கூற்றுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, உடன்படிக்கையில் வரி யாருக்குத் தள்ளுபடி ஆயிற்று என்று உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த வாரம் இதே முறையில் நூரியில் தகர்காவின் பிரமிடுக்கு அடியில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷப்தி உருவங்களில் (மறுமையில் இறந்தவருக்குப் பணிசெய்ய உடன் வைக்கும் சிறு சிலைகள்) ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.